ராஜகனி வீட்டுக் கதவில் பெய்த மழை

மழை என்ற ஒன்றைக் கண்ணால் பார்த்துப் பதினெட்டு மாதம் ஆகியிருந்த அந்த வருஷத்துச் சித்திரையில், பூந்தோட்ட நகர் மூன்றாவது தெருவில், ராஜகனி வீட்டு வாசல் கதவுக்கு வெளியே ஒரு காலைப் பொழுதில் மழை பெய்யத் தொடங்கியது. கதவைத் திறந்தால் வெயில், சாத்தினால் மழை, அவ்வளவுதான் விஷயம். பூந்தோட்ட நகர் என்பது கரிசல் காட்டைக் கூறு போட்டு விற்றவர் தன் விளம்பரத்துக்காக வைத்த பேர். அங்கே பூவும் கிடையாது, தோட்டமும் கிடையாது, இருபத்திரண்டு வீடுகளும் இருபத்திரண்டு மொட்டைமாடித் தொட்டிகளும், தொட்டிகளுக்குள் காய்ந்து ஒட்டிய பல்லிகளும்தான் உண்டு.

அது இரும்புக் கதவு. கீழ்ப்பாதி தகடு, மேல்பாதியில் இரண்டு வரிசையாக ஆறு கண்ணாடி. யார் வந்து நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத் திறக்க வேண்டும் என்று சொல்லி ராஜகனியின் புருஷன் பதினாறு வருஷத்துக்கு முன்னால் செய்து மாட்டியது. அதன்பிறகு பம்பாய்க்கு மிட்டாய்க் கம்பெனி வேலைக்குப் போன அந்த மனுஷன், அங்கேயே இன்னொரு வீட்டுக்குக் கதவு மாட்டிக் கொடுத்துத் தங்கிவிட்டான். ராஜகனி அதற்காக ஒரு நாள் முழுக்க அழுதாள், மறுநாள் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஒரு பெட்டிக்கடை அளவு இடத்தைப் பிடித்து மனு அடித்துக் கொடுக்கும் வேலையைத் தொடங்கினாள், பட்டா மாறுதலும் விதவை உதவித்தொகையும் வாரிசுச் சான்றும் அடித்து அடித்து, உலகத்தில் யாரும் உண்மையில் என்ன வேண்டும் என்பதை முதல் பாராவில் சொல்வதில்லை என்று தெரிந்துகொண்டாள்.

கதவின் கீழ்த் தகடு துருவேறி அரித்துப்போய், இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு ஓட்டை விழுந்திருந்தது. மேல் கீல் இறங்கிவிட்டதால் கதவைத் தூக்கிப் பிடித்துத்தான் சாத்த வேண்டும். சரிசெய்ய அரை மணி நேர வேலை. வெல்டிங் பட்டறை தெருமுனையிலேயே இருந்தது, பட்டறைக்கார இசக்கிராஜ் நல்ல வேலைக்காரன், நாற்பது வயசு, கை சுத்தம். ஆனால் ராஜகனி இரண்டு வருஷமாகக் கூப்பிட்டும் அவன் வரவில்லை. "நாளைக்கு வாரேங்க்கா" என்று அவன் சொல்வான், சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க மாட்டான், கையில் இருக்கும் கம்பியைப் பார்ப்பான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை, தெருவே அவளோடு பேசுவதில்லை என்று ஒரு ஏற்பாடு இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தெருக்குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்துகொண்டிருந்தது, ஏனென்றால் வீட்டுக்கு வீடு மோட்டார் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். மோட்டார் வாங்காத கடைசி மூன்று வீட்டுக்குக் காற்று மட்டும் வந்தது. அந்த மூன்று வீட்டுக்காரர்களும் ராஜகனியிடம் வந்து, நகராட்சிக்கு ஒரு மனு எழுத வேண்டும் என்றார்கள், எழுதினாள். கையெழுத்துப் போட வேண்டிய நாளில் மூன்று பேருமே ஊரில் இல்லை, அதனால் தன் கையெழுத்தைப் போட்டாள். ஆட்கள் வந்து பதினேழு மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஒரே மாதத்தில் பதினேழு மோட்டாரும் திரும்ப வந்துவிட்டன, திரும்பி வராதது ராஜகனியோடு தெரு வைத்திருந்த பேச்சுவார்த்தை மட்டும்தான். கடைசி மூன்று வீட்டுக்காரர்களும் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள், ஏனென்றால் அதற்குள் அவர்களும் மோட்டார் வாங்கிவிட்டிருந்தார்கள். பிறகு குழாயே நின்றுபோனது, வாரத்துக்கு ஒருமுறை லாரி வந்தது, அந்த வரிசையிலும் ராஜகனியின் குடத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு குடம் அளவு இடம் காலியாகவே இருந்தது.

இப்படிப்பட்ட தெருவில்தான் அந்தக் காலையில் அவள் எழுந்து வந்து பார்த்தபோது முன்வாசல் தரை நனைந்து கிடந்தது. துருப்பிடித்த ஓட்டை வழியாகத் தண்ணீர் ஒழுகி உள்ளே ஓடிவந்துகொண்டிருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கொட்டுகொட்டென்று மழை, எதிர்வீட்டுச் சுவரெல்லாம் கறுத்து நனைந்து, சாக்கடை நிறைந்து, தெருவில் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் குதித்துப் போனது. தெரு இருந்ததே தவிர ஆட்கள் ஒருத்தர் இல்லை, ஒரு சைக்கிள், ஒரு செருப்பு, ஒரு கோலம்கூட இல்லை, மனிதர்களைக் கழித்துவிட்டு மிச்சமிருந்த தெருவாக அது இருந்தது, அப்படிப் பார்க்கிறபோது நல்ல தெருதான் என்று ராஜகனிக்குத் தோன்றியது. கதவைத் திறந்தாள். வெயில் முகத்தில் அடித்தது. எதிர்வீட்டுப் பிரமசக்தி வாசலில் நின்று, வழக்கம்போல அவளைப் பார்க்காமல் துடைப்பத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்தினாள், மழை விட்ட இடத்திலிருந்து பெய்தது.

ராஜகனி பழைய சேலைத் துணியை எடுத்து ஓட்டையில் திணித்தாள், தரையைத் துடைத்தாள், துணியைப் பிழிந்த தண்ணீரை வீணாக்காமல் பாத்திரம் கழுவினாள், பிறகு நேராகப் பட்டறைக்குப் போனாள்.

"இசக்கி, கதவுக்கு வெளிய மழை பெய்யுது. தகடு அரிச்ச இடத்துல தண்ணி உள்ள வருது. இன்னைக்காவது வந்து அடைச்சுக் குடு. இப்படியே விட்டா கதவு முழுக்கத் துருவாயிரும்."

இசக்கிராஜ் அண்ணாந்து வானத்தைப் பார்த்தான், பிறகு இரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தான். "தண்ணியா?" என்றான்.

"தண்ணிதான்."

"நல்ல தண்ணியாக்கா, உப்பா?"

"மழைத் தண்ணி எங்கயாவது உப்பா இருக்குமா."

நாளைக்கு வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை. கம்பியைக் கீழே போட்டுவிட்டு அவளுக்கு முன்னாலேயே நடந்தான். உள்ளே வந்து கதவைச் சாத்திப் பார்த்தான், துணியை உருவிவிட்டு ஒழுகிய தண்ணீரை உள்ளங்கையில் பிடித்துக் குடித்தான், இன்னொரு கை பிடித்துக் குடித்தான், மூன்றாவது கை பிடித்து முகத்தில் அறைந்துகொண்டான், ஓட்டையை அடைப்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து போனான். பதினைந்து நிமிஷத்தில் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

முதலில் வந்தவள் பிரமசக்தி. கையில் ஒரு சின்னச் செம்பு வைத்திருந்தாள், முந்தானைக்குள் அதைவிடப் பெரிய ஒன்றை மறைத்திருந்தாள்.

"மதினி, ரசம் கூட்டுறதுக்கு மட்டும் கொஞ்சம் பிடிச்சுக்கிடட்டுமா?"

"ரெண்டு வருஷம் கழிச்சு மதினின்னு கூப்பிடுறியே பிரமசக்தி."

"நான் எப்ப பேசாம இருந்தேன்? நீங்கதான் எப்பப் பாத்தாலும் வேலை வேலைன்னு போயிருதிய, கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டை வத்திப்போச்சு" என்று பிரமசக்தி சொன்னாள். சொன்ன வேகத்தில் அவளே அதை நம்பிவிட்டாள், மத்தியானத்துக்குள் தெருவில் இருந்த எல்லோரும் இதே மாதிரி ஒரு தொண்டை வற்றிய கதையோடு வந்தார்கள், ராஜகனிதான் இரண்டு வருஷமாகத் தெருவை ஒதுக்கி வைத்திருந்தாள் என்றும், அவர்கள் பெரிய மனசு வைத்து அதைப் பொறுத்துக்கொண்டார்கள் என்றும் சாயங்காலத்துக்குள் முடிவாகிவிட்டது.

ஒரு குடம் நிறையக் கால் மணி நேரம் ஆனது. கதவு சாத்தியிருந்தால்தான் மழை, அதனால் யாரும் வாசல் வழியாக வரக் கூடாது என்று ஏற்பாடாகி, பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றி வந்து, கொல்லைக் கதவில் நுழைந்து, அடுப்படியைத் தாண்டி, கூடத்தில் வரிசை நின்றார்கள். குடம் உட்கார வேண்டும் என்பதற்காகக் கதவடியில் இரண்டு தரைக்கல்லைப் பெயர்த்து ஒரு முழம் ஆழத்துக்குக் குழி தோண்டினார்கள். எதற்கும் அவளைக் கேட்கவில்லை, கேட்டால் அவள் மறுப்பாள், மறுத்தால் மனஸ்தாபம் வரும், ஒரே தெருவில் இருந்துகொண்டு மனஸ்தாபம் எதற்கு என்று அவளுக்காக அவர்களே யோசித்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் எல்லோரும் கண்ணாடி வழியாகப் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டார்கள். முதல் நாள் கைகூப்பி நின்றவர்கள் நான்காம் நாள், தண்ணீரில் துரு வாடை வருகிறது என்றார்கள். ஐந்தாம் நாள், மழை முன்னைப்போல வேகமாக இல்லை, ராஜகனி காலையில் கதவைத் திறந்து திறந்து பார்ப்பதால்தான் குறைகிறது என்றார்கள். ஆறாம் நாள், அவள் கடைக்குப் போகும்போதுகூட வாசல் வழியாகப் போகாமல் சந்து வழியாகப் போனால் தெருவுக்கு இரண்டு குடம் மிச்சமாகும் என்று நயமாகச் சொன்னார்கள். ஏழாம் நாள் அவள் கடைக்கே போகவில்லை, ஏனென்றால் வீட்டுக்குள் முப்பது பேர் நிற்கும்போது எதை நம்பிப் பூட்டிவிட்டுப் போவது. அவள் சோபாவில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அவள் டிவியில் வேறு யாருக்கோ பிடித்த தொடர் ஓடியது. அடுப்படியைக் கடக்கிற ஒவ்வொருத்தரும் அவள் குழம்புச் சட்டியின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டே போனார்கள், இத்தனை புளி ஒரு ஆளுக்கு எதற்கு என்று ஒருத்தி கேட்டாள்.

இதையெல்லாம் பார்த்து அவர்களைக் கேவலமாக நினைத்தாள் ராஜகனி, அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எட்டாம் நாள் காலையில் தன்னையறியாமல் பெரிய பாத்திரத்தில் தேயிலை போட்டாள். வரிசையில் நின்றவர்களுக்கு டம்ளர் டம்ளராக ஊற்றிக் கொடுத்தாள். ஒருத்தி டம்ளரை வாங்கிக்கொண்டே, "இஞ்சி தட்டிப் போட்டா இன்னும் நல்லாருக்கும் மதினி" என்றாள், மறுநாள் ராஜகனி இஞ்சி தட்டிப் போட்டாள். இரண்டு வருஷமாகத் தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டிருந்த வீட்டில் யாரோ ஒருத்தி மதினி என்று கூப்பிடுவது அவளுக்குத் தேவையாக இருந்தது. அந்தத் தேவை தெரிந்தபோது அவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தன்னையே கேவலமாக நினைத்தாள், நினைத்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் இஞ்சி தட்டினாள்.

பத்தாம் நாள் இசக்கிராஜ் கிரைண்டரோடு வந்தான். தண்ணீர் மெதுவாக வருகிறது, ஓட்டையை ஒரு சாண் அகலமாக்கிவிட்டால் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு குடம் என்று பூந்தோட்ட நகர்க் குடியிருப்போர் சங்கத்தில் பேசியிருந்தார்கள்.

ராஜகனி கதவுக்கு முன்னால் நின்றாள். "ரெண்டு வருஷமா இந்தக் கதவைச் சரிபண்ணிக் குடுன்னு கூப்பிட்டேன். வரலை. இப்ப வெட்ட வாரியா?"

"இதுவும் சரிபண்றதுதானங்க்கா" என்றான் இசக்கிராஜ், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவள் நகரவில்லை. அவன் கிரைண்டரின் வயரைச் சுற்றிக்கொண்டு திரும்பிப் போனான், அன்றைக்குச் சாயங்காலமே சங்கக் கூட்டம் கூட்டினார்கள். கூட்டத்தை ராஜகனி வீட்டிலேயே கூட்டினார்கள், ஏனென்றால் எல்லோரும் ஏற்கெனவே அங்கேதான் இருந்தார்கள்.

சங்கத்தின் செயலாளர் கோமதிநாயகம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எதையும் மூன்றாகப் பிரித்துச் சொல்லுவார், மூன்றாவதைச் சொல்லும்போது விரலைப் பார்த்துக்கொள்ளுவார். அவர் எழுந்து நின்று, மழை பெய்வது எங்கே என்று கேட்டார். தெருவில், என்று அவரே பதிலும் சொன்னார். தெரு யாருக்குச் சொந்தம், தெருவில் குடியிருப்பவர்களுக்கு. ஆக இந்தத் தண்ணீர் ராஜகனியம்மா வீட்டுத் தண்ணீர் இல்லை, தெருத் தண்ணீர், அது அவர்கள் வீட்டுக்குள் தவறுதலாக ஒழுகுகிறது, அதற்காக நாம் அவர்களைக் குறை சொல்லக் கூடாது.

எல்லோரும் தலையாட்டினார்கள், குறை சொல்லக் கூடாது என்று இரண்டு பேர் திருப்பிச் சொன்னார்கள்.

"அடுத்து" என்றார் கோமதிநாயகம். "இந்த மழை ஏன் வந்தது. தகடு அரித்ததால் வந்தது. தகடு ஏன் அரித்தது, யாரும் போய்ச் சரிசெய்யாததால் அரித்தது. யாரும் ஏன் போகவில்லை, நாம் எல்லோரும் அவர்களோடு பேசாமல் இருந்தோம், அதனால் போகவில்லை. அப்படியானால் என்ன அர்த்தம், இந்த மழையில் நம்ம இருபத்தோரு வீட்டு உழைப்பும் இருக்கு. ஒருத்தர் ரெண்டு பேர் மனசு இளகி இடையில் பேசியிருந்தால்கூட இது நடந்திருக்காது. ரெண்டு வருஷம் ஒத்துமையா இருந்தோம்."

கூடத்தில் கைதட்டல் எழுந்தது. பிரமசக்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், தான் பட்ட கஷ்டம் இப்போதுதான் யாரோ ஒருவர் வாயில் நியாயமாக வந்தது என்பது போல.

ஆகவே கதவைக் கழற்றித் தெரு முனையிலிருக்கிற சங்க மண்டபத்தில் மாட்டுவது, இசக்கிராஜ் அதன் அடியில் முறையாகக் குழாய் வைத்து, திறந்து தண்ணீர் பிடிக்க ஐந்து திருகு மாட்டுவது, ராஜகனியம்மாவுக்குச் சங்கமே புதுக்கதவு ஒன்று செய்து கொடுப்பது என்று முடிவானது. தீர்மானத்தை எழுத வேண்டும். கோமதிநாயகம் நோட்டை ராஜகனியிடம் நீட்டினார்.

"நீங்களே எழுதிருங்கம்மா. உங்களுக்குத்தான் அந்த நடை வரும்."

அவள் வாங்கிக்கொண்டாள். பழக்கமான கை, மேற்படி கதவு என்று தொடங்கி வரிவரியாக எழுதிக்கொண்டு போனது. கடைசி வரிக்கு முன்னால் நிறுத்தினாள்.

"சார், ஒரு வரி சேத்துக்கிடட்டுமா?"

"சொல்லுங்க."

"ரெண்டு வருஷம் என்கூடப் பேசாம இருந்தது தப்புன்னு ஒரு வரி."

 யாரோ ஒரு குடத்தை இடம் மாற்றி வைத்தார்கள். பிரமசக்தி தன் வளையலை எண்ணுவது போலத் திருப்பினாள். ராஜகனி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், இஞ்சித் தேயிலை குடித்த ஒவ்வொரு முகமும் வேறு எங்கேயோ பார்த்தது.

"அம்மா, இது பொதுக் காரியம்" என்றார் கோமதிநாயகம் மென்மையாக. "பொதுக் காரியத்துல சொந்தப் பிரச்சினையைக் கொண்டுவரக் கூடாது."

ராஜகனி கடைசி வரியை எழுதி முடித்தாள். அவர்கள் சொல்லும்போது தப்பாகச் சொன்ன இரண்டு சொற்களைத் திருத்தினாள். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "கதவை எடுத்துட்டுப் போங்க, அப்படியே நீங்களும் எந்திரிங்க" என்றாள்.

மறுநாள் காலையில் மாவிலை கட்டி, மாலை போட்டு, கதவைத் தூக்கினார்கள். தூக்கிய வேகத்தில் கீழ்த் தகடு அப்பளம் மாதிரி நொறுங்கி உதிர்ந்தது. எட்டுப் பேர் தோளில் கதவு தெருவழியே போனது, கண்ணாடிகளில் அப்போதும் மழை பெய்துகொண்டேதான் இருந்தது, தூக்கிக்கொண்டு போனவர்கள் வெயிலில் வேர்த்து ஒழுகினார்கள். ராஜகனி வீட்டு வாசலில் கதவு இருந்த இடத்தில், பழைய ஃபிளெக்ஸ் பேனர் ஒன்றைத் தற்காலிகமாகக் கட்டிவிட்டுப் போனார்கள். மனை விற்பனைக்கு என்று ஒரு ஆள் கைகூப்பிச் சிரிக்கிற பேனர் அது. சிரிப்பு உள்பக்கம் பார்க்கும்படி கட்டியிருந்தார்கள்.

பட்டறையில் இசக்கிராஜ் மூன்று நாள் வேலை பார்த்தான். உதிர்ந்த தகட்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தான், துருவைச் சுரண்டினான், பட்டி வைத்துத் தேய்த்தான், சிவப்பு பிரைமர் அடித்தான், கீலை நிமிர்த்தி கிரீஸ் போட்டான், ஐந்து திருகோடு குழாயைப் பொருத்தினான். இப்படி ஒரு வேலையை அவன் அந்தத் தெருவில் யாருக்கும் செய்ததில்லை. மண்டபத்தில் கதவை மாட்டிச் சாத்தினார்கள், ஆறு கண்ணாடியிலும் மழை அடித்துப் பெய்தது, கோமதிநாயகம் மூன்று விஷயங்கள் பேசிவிட்டு முதல் திருகைத் திறந்தார்.

சூடான காற்று வந்தது.

மற்ற நான்கையும் திறந்தார்கள். காற்றுதான். ராஜகனி வீட்டில் ஒழுகியது கதவின் பழுது, பழுதைச் சரிசெய்துவிட்டால் ஒழுகாது என்பது கதவென்றால் என்னவென்று தெரிந்த யாருக்கும் தெரியும். ஆனால் தெரு அதை ஏற்கவில்லை, இசக்கிராஜின் வேலையில்தான் கோளாறு என்றது. அவன் தகட்டில் புது ஓட்டை போட்டான், ஓட்டை வழியாக வெயில் ஒரு கோலைப் போல உள்ளே விழுந்தது. அப்புறம் யாரோ, மழை கண்ணாடிக்குப் பின்னால்தானே இருக்கிறது, கண்ணாடியை எடுத்தால் தீர்ந்தது என்றார்கள். ஒரு கண்ணாடியை உடைத்தார்கள், அந்தச் சதுரத்தில் மழை நின்று வெயில் தெரிந்தது. தப்பான கண்ணாடியை உடைத்துவிட்டோம் என்று அடுத்ததை உடைத்தார்கள். அதுவும் தப்பு என்று மூன்றாவதை. நான்காவதை உடைத்தது யார் என்று சண்டை வந்தது, ஐந்தாவது அந்தச் சண்டையில் உடைந்தது. ஆறாவது தப்பித்ததற்குக் காரணம் அருமை தெரிந்ததல்ல, கடைசிக் கண்ணாடியை உடைத்தவன் என்ற பேரை எடுத்துக்கொள்ள அங்கே ஆள் இல்லை.

பத்தொன்பதாம் நாள் மண்டபத்தில் ஒரு வளைகாப்பு வைத்திருந்தார்கள், பந்தி போட இடைஞ்சல் என்று கதவைக் கழற்றி வெளியே சாய்த்தார்கள், குப்பை வண்டிக்காரன் அதை எடுக்க மாட்டேன் என்றுவிட்டதால் ராஜகனி வீட்டுச் சுவரோரம் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்கள். சங்கம் செய்துதருவதாகச் சொன்ன புதுக்கதவைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசுவதற்கு அவளோடு பேச வேண்டியிருந்தது, அதைத் திரும்பவும் நிறுத்தியிருந்தார்கள். ஏதோ ஒரு வகையில் அவள்தான் மழையைக் கெடுத்துவிட்டாள் என்று முடிவாகியிருந்தது, அவள் எழுதிக் கொடுத்த தீர்மானத்தில்தான் ஏதோ ஒரு சொல் தப்பாக விழுந்திருக்க வேண்டும் என்று கோமதிநாயகம் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் இசக்கிராஜ் வந்தான். யாரும் கூப்பிடவில்லை. தகட்டில் போட்ட ஓட்டையையும் குழாய் இருந்த இடத்தையும் அடைத்து, ஐந்து புதுக் கண்ணாடி பொருத்தி, சாம்பல் நிறப் பெயின்ட் அடித்து, கதவை நிலையில் மாட்டினான். பேனரை அவிழ்த்து மடித்து வைத்தான். கதவடியில் தோண்டிய குழியைக்கூட சிமெண்ட் போட்டு மூடினான். கதவு ஒரு விரலால் தள்ளினால் சத்தமில்லாமல் வந்து சாத்திக்கொண்டது, ராஜகனி இரண்டு மூன்று முறை தள்ளிப் பார்த்தாள்.

"ரெண்டு வருஷம் முன்னாடியே வந்திருக்கணும்க்கா" என்றான் அவன். "அரை மணி நேர வேலை."

"தெரியும்."

"வந்திருந்தா அந்த மழை வந்திருக்காது."

"வந்திருக்காது."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அந்த ஒரு வரி அவன் வாய் வரைக்கும் வந்து நின்றது என்று ராஜகனிக்கு நிச்சயமாகத் தெரிந்தது, அவள் காத்திருந்தாள். அவன் அதை விழுங்கிவிட்டு, மேல் வரிசை மூலையில் மழை பெய்துகொண்டிருந்த அந்த ஆறாவது கண்ணாடியைக் காட்டினான்.

"இதையும் மாத்திரவாக்கா? கண்ணாடி ஒண்ணு மிச்சம் இருக்கு. இதை வச்சிருந்தா திரும்பவும் ஆளுக வந்து நிப்பாங்க."

ராஜகனி கிட்டே போய்ப் பார்த்தாள். ஒரு நோட்டுப் புத்தகம் அளவு மழை. காது வைத்தால் சத்தம் கேட்டது, விரல் வைத்தால் கண்ணாடி குளிர்ந்திருந்தது, ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

"அது இருக்கட்டும்" என்றாள். "பிடிக்க முடியாத தண்ணியைப் பாக்க இந்தத் தெருவுல ஒருத்தரும் வர மாட்டாங்க."

அவள் சொன்னது சரிதான். ஒரு வாரம், இரண்டு வாரம், யாரும் எட்டிப் பார்க்கவில்லை. உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு மழை சந்து திரும்பினால் பார்க்கிற தூரத்தில் பெய்துகொண்டிருந்தது, தெரு அதைக் கடந்து கடைக்குப் போனது, ரேஷனுக்குப் போனது, லாரி எப்போது வரும் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டது. ராஜகனி காலையில் தேயிலை டம்ளரோடு கதவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அதைக் கேட்பாள், ஒரு டம்ளர் தேயிலைதான், இஞ்சி போடுவதை நிறுத்திவிட்டாள். பிறகு கதவைத் திறந்து, வாசல் வழியாகவே, தலை நிமிர்ந்து கடைக்குப் போவாள்.

வைகாசி பிறந்து நாலாம் நாள், அவள் அப்படி உட்கார்ந்திருந்தபோது லாரி ஹாரன் கேட்டது. புதுக் கண்ணாடிகளில் தெரு ஓடியது. கோமதிநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு குடத்தோடு ஓடினார், அவரை இடித்துக்கொண்டு இன்னொருத்தர் ஓடினார், பிரமசக்தி ஒரு செருப்பை விட்டுவிட்டு மறு செருப்போடு ஓடினாள், யாரோ யாருடைய குடத்தையோ காலால் தள்ளினார்கள், வாய்ச்சண்டை அதற்குள் தொடங்கிவிட்டது. மூலைக் கண்ணாடியில் ஆளில்லாத தெருவில் மழை பெய்தது. அவள் கொஞ்ச நேரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு அடுப்படியில் பானையைச் சாய்த்துப் பார்த்தாள். அடியில் ஒரு செம்புகூடத் தேறாது.

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். வெயில் அறைந்தது. லாரிக்குப் போய், வரிசையின் கடைசியில் தனக்கென்று தெரு வழக்கமாக விட்டு வைக்கிற அந்தக் காலி இடத்தைப் பார்த்தாள், அங்கே நிற்காமல் முன்னால் நடந்தாள், கோமதிநாயகத்தின் விலாவில் முழங்கையை வைத்து நகர்த்தினாள். அவர் திரும்பிப் பார்த்து, பேசக் கூடாது என்பது ஞாபகம் வந்து, வாயை மூடிக்கொண்டார். பேசாமல் இருப்பவர்கள் வரிசையில் நில் என்றும் சொல்ல முடியாது என்பது அவர்கள் யாருக்கும் அதுவரை தோன்றியிருக்கவில்லை. லாரியின் குழாய்க்குக் கிட்டே பிரமசக்தி நின்றாள். ராஜகனியைப் பார்க்காமலேயே தன் குடத்தை ஒரு சாண் நகர்த்தி வைத்தாள். அது இடம் கொடுப்பதற்கா, இடத்தை அடைப்பதற்கா என்று ராஜகனி யோசித்துக்கொண்டிருக்கவில்லை. தன் குடத்தை அந்த ஒரு சாணில் வைத்து அழுத்தினாள்.